ஸ்டார்ட் பட்டன் எங்கே போச்சு?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகப் பழைய கேட்டுக்குப் போனேன். கேட் இல்லை. அந்த இடத்தில் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். என்னோடு இன்னும் நாலைந்து பேர், எல்லாம் நரைத்த தலைகள், சுவரைப் பார்த்தபடி நின்றோம். "என்னப்பா இது, சைக்கிள் ஸ்டாண்டு பக்கம்தானே வழி?" என்று ஒருவர் கேட்டார். அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் எழுந்து வந்து, "கேட்ட அந்தப் பக்கம் மாத்திட்டாங்க சார், வாங்க" என்று கூடவே வந்து வழி காட்டினார். அந்த வாட்ச்மேனை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சின் கடைசியில் அவரிடம் திரும்பி வருவேன்.

சங்கச் செயலாளர் என்னிடம் "கம்ப்யூட்டர் வளர்ச்சி பற்றி அரை மணி நேரம் பேசுங்க" என்றார். அதைப் பேச அரை மணி போதாது. அதனால் ஒரே ஒரு பட்டனைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். திரையின் இடது பக்க மூலையில் இருந்த ஸ்டார்ட் பட்டன். அதை ஒரு நாள் எடுத்துவிட்டார்கள். உலகம் முழுவதும் சத்தம் கிளம்பியது. பிறகு கொண்டுவந்து வைத்தார்கள். அந்தக் கதைக்குள்ளே நான் செய்த ஒரு தவறும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் இங்கே 1984 முதல் 1987 வரை பி.எஸ்ஸி. கணிதம் படித்தவன். அப்போது நம் கல்லூரியில் கணிப்பொறி கிடையாது. படிப்பு முடிந்த பிறகுதான், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டாக இருந்து கம்ப்யூட்டர் சென்டராக மாறிய ஓர் இடத்தில் சேர்ந்தேன். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும், கம்ப்யூட்டருக்கு ஏ.சி. உண்டு. டாஸ், டிபேஸ், லோட்டஸ், வேர்டுஸ்டார். கருப்புத் திரையில் எழுத்து மட்டும்தான். கட்டளையை மனப்பாடம் செய்து தட்ட வேண்டும். ஒரு புள்ளி தவறினாலும் வேலை நடக்காது.

பிறகு விண்டோஸ் 3.1 வந்தது. 1992-ல் வெளியானது. மவுஸைப் பிடிக்க எனக்குப் பிடிக்கவே இல்லை. "கீபோர்டுல ரெண்டு விநாடி வேலைய, இந்த எலிய உருட்டிக்கிட்டு அரை நிமிஷம் செய்யணுமா?" என்று சொன்னவன் நான். அதில் புரோகிராம் மேனேஜர் என்று ஒரு ஜன்னல், அதற்குள்ளே குட்டிக் குட்டி ஜன்னல்கள். ஒரு ஜன்னலைச் சுருக்கினால் திரையின் அடியில் சின்னப் படமாகப் போய் உட்காரும். மேலே இன்னொரு ஜன்னல் வந்து மூடிக்கொண்டால், செய்து வைத்த வேலையே அழிந்துபோனது என்று பதறியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

1995 ஆகஸ்ட் 24-ஆம் தேதி விண்டோஸ் 95 வெளியானது. அதை உருவாக்கும்போது சாதாரண ஆட்களைக் கூட்டிவந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பக்கத்திலிருந்து கவனித்தார்கள். சுருக்கிய ஜன்னல் காணாமல் போகிறது என்று தெரிந்தது. அதற்காகத் திரையின் அடியில் எப்போதும் கண்ணுக்குத் தெரிகிற டாஸ்க்பார் வந்தது. புதிதாக வருபவனுக்கு எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை என்பதும் தெரிந்தது. மூலையிலிருந்த பட்டனுக்கு முதலில் 'சிஸ்டம்' என்று பெயர். அதை யாரும் தொடவில்லை. பெயரை 'ஸ்டார்ட்' என்று மாற்றினார்கள். மாற்றிய பிறகுதான் ஆட்கள் அதை அழுத்த ஆரம்பித்தார்கள். அதுவும் போதாதென்று, 'ஆரம்பிக்க இங்கே அழுத்தவும்' என்ற வாசகம் ஓர் அம்புக்குறியோடு நகர்ந்து வந்து அந்தப் பட்டனில் முட்டும். கம்ப்யூட்டரை நிறுத்துவதற்கும் 'ஸ்டார்ட்' அழுத்த வேண்டியிருந்ததைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. சிரித்தாலும் எல்லாருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியும்.

அதற்குப் பிறகு பதினேழு வருடம் அந்தப் பட்டன் அந்த மூலையிலேயே இருந்தது. 2001-ல் எக்ஸ்பி, 2007-ல் விஸ்டா, 2009-ல் விண்டோஸ் 7. நிறம் மாறியது, வடிவம் மாறியது, இடம் மாறவில்லை. வீட்டில் இருட்டில் எழுந்தாலும் சுவிட்ச் போர்டுக்குக் கை தானாகப் போகும் அல்லவா, அப்படித்தான்.

2012 அக்டோபர் 26-ஆம் தேதி விண்டோஸ் 8 வந்தது. மூலையில் பட்டன் இல்லை. கம்ப்யூட்டரைப் போட்டால் திரை நிறைய வண்ண வண்ணக் கட்டங்கள். பழைய டெஸ்க்டாப் அந்தக் கட்டங்களில் ஒன்றாகப் போய்விட்டது. ஏன் இப்படிச் செய்தார்கள்? 2010-ல் ஆப்பிளின் ஐபேட் வந்தது. விரலால் தொட்டு வேலை செய்யும் பலகைக் கணிப்பொறிக்கு ஜனங்கள் போய்விடுவார்கள் என்ற பயம் கம்ப்யூட்டர் உலகத்தைப் பிடித்துக்கொண்டது. அதனால் தொடுதிரைக்கும் மேஜைக் கணிப்பொறிக்கும் ஒரே முகம் வைக்க மைக்ரோசாஃப்ட் முடிவு செய்தது. பயம் நியாயமானதுதான். ஆனால் நம் ஆபீஸ் மேஜைகளில் இருந்த திரைகளோ தொட்டால் கைரேகை மட்டும் பதிகிற திரைகள்.

புதிய விண்டோஸில் வழி எப்படி என்றால், மவுஸை இடது கீழ் மூலைக்குக் கொண்டுபோனால் கட்டங்களின் திரைக்குப் போகலாம். வலது பக்க மூலைக்குக் கொண்டுபோனால் ஒரு பட்டை எட்டிப் பார்க்கும். அதில் 'செட்டிங்ஸ்', அதற்குள் 'பவர்', அதற்குள் 'ஷட் டவுன்'. மூலையில் இது இருக்கிறது என்று சொல்ல அங்கே ஓர் அடையாளமும் கிடையாது. தெரிந்தவனுக்கு மட்டும் தெரியும்.

இனி என் கதை. அப்போது நான் ஒரு தனியார் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2013 தொடக்கத்தில் கணக்குப் பிரிவின் பதினான்கு எக்ஸ்பி கம்ப்யூட்டர்களை எடுத்துவிட்டு, விண்டோஸ் 8 போட்ட புதுக் கம்ப்யூட்டர்களை வைத்தோம். சனி ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து கோப்புகளை மாற்றினேன். திங்கட்கிழமை காலை எல்லாரும் ஆச்சரியப்பட்டுப் பாராட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அது என் முடிவு.

எங்கள் தலைமை எழுத்தர் ஓர் அம்மா. அப்போது ஐம்பத்தாறு வயது. கை லெட்ஜர் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். நாற்பது வயதுக்கு மேலே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டவர். அவரிடம் ஒரு நீளமான நோட்டு உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம். '1. ஸ்டார்ட் அமுக்கவும். 2. புரோகிராம்ஸ் போகவும்' என்று நீல மையில் வரிசையாக எழுதி, பக்கத்தில் பட்டனின் படம்கூட வரைந்து வைத்திருப்பார். மாதக் கடைசியில் எல்லாருடைய கணக்கும் உதைக்கும்போது, அவருடைய கணக்கு மட்டும் பைசா சுத்தமாக இருக்கும்.

திங்கள் காலை பத்து மணிக்கு அவர் நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்தார். முதல் வரியே நடக்கவில்லை. பதினொரு மணிக்கு ஒரு ரசீதைத் திறந்தார். பி.டி.எஃப். கோப்பு. அது திரை முழுவதையும் அடைத்துக்கொண்டது. மூடுவதற்கு மேல் மூலையில் பெருக்கல் குறி இல்லை. பயந்துபோய்க் கையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "தம்பி, கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டார். அன்றைக்குப் பதினான்கு பேரும் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எரிச்சலில் இருந்த நான் எல்லார் முன்னாலேயும், "இதுகூடத் தெரியலையா மேடம்? சின்னப் பசங்க எல்லாம் அஞ்சு நிமிஷத்துல புடிச்சுக்கிட்டாங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் பதில் பேசவில்லை. மத்தியானம் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் காட்டினார். கம்ப்யூட்டர் இல்லாத பதிவேட்டுப் பிரிவுக்கு மாற்றிவிடுங்கள், முடியாவிட்டால் வேலையிலிருந்து விடுவித்துவிடுங்கள் என்று அந்த அம்மா எழுதியிருந்தார். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. அவருடைய கடைசிப் பெண்ணுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அன்று மாலை அவர் மேஜைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. நோட்டைத் திறந்து என் பக்கம் தள்ளி, "இதுல நான் எழுதினது எது தப்பு, நீயே சொல்லு தம்பி" என்றார்.

புரட்டிப் பார்த்தேன். ஒரு வரிகூடத் தப்பு இல்லை. வெள்ளிக்கிழமை மாலைவரை எல்லாம் சரி. அவர் ஒன்றும் மறக்கவில்லை, கற்றுக்கொள்ளத் தெரியாதவரும் இல்லை. அவர் பத்து வருடத்துக்கு மேல் சேர்த்து வைத்த அறிவை நான் இரண்டே நாளில் செல்லாக் காசாக்கிவிட்டு, அவரையே முட்டாள் என்றும் சொல்லியிருக்கிறேன். எனக்கு வாயடைத்துப் போனது.

அந்த வாரம் முழுவதும் தினமும் மாலை அரை மணி நேரம் இருவரும் உட்கார்ந்து புது நோட்டு எழுதினோம். முதல் பக்கத்தில் அவர் பதினொரு குறைகளைப் பட்டியல் போட்டார். 'எழுத்து சிறிதாக உள்ளது', 'நிறம் கண்ணை உறுத்துகிறது', 'போட்டோ வேறு மாதிரி திறக்கிறது' என்று இப்படி. நிறுத்துவதற்கு டெஸ்க்டாப்பிலேயே 'ஷட் டவுன்' என்று ஓர் ஐகான் செய்து வைத்தேன். பி.டி.எஃப். பழையபடி ஜன்னலுக்குள் திறக்குமாறு வேறு மென்பொருள் போட்டேன். ஒரு மாதம் கழித்து அந்தப் பட்டியலை மறுபடி எடுத்தோம். எட்டுக் குறைகளை அவரே அடித்துவிட்டார். "பழகிடுச்சு தம்பி" என்றார். மூன்று மட்டும் மிச்சம். ஒன்று, ஆரம்பிக்கும் இடம் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு, நிறுத்தும் இடம் ஒளிந்திருக்கிறது. மூன்று, முழுத்திரையில் திறந்ததை மூட வழி தெரியவில்லை.

இதே நேரத்தில் உலகம் முழுவதும் என்ன நடந்தது என்று பார்ப்போம். பயன்பாட்டு ஆய்வில் பெயர் பெற்ற ஜேக்கப் நீல்சன், கம்ப்யூட்டரில் நல்ல அனுபவமுள்ள பன்னிரண்டு பேரை வைத்துச் சோதித்து, 2012 நவம்பரிலேயே முடிவை எழுதினார். ஒரே கம்ப்யூட்டருக்குள் இரண்டு விதமான உலகங்கள் இருப்பதும், செய்ய வேண்டியவை கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருப்பதும் அனுபவசாலியையும் புதியவரையும் ஒருசேரக் குழப்புகிறது என்றார். காணாமல் போன ஸ்டார்ட் மெனுவைத் திருப்பித் தருவதற்கென்றே மென்பொருள்கள் கிளம்பின. 'கிளாசிக் ஷெல்' இலவசமாகக் கிடைத்தது. 'ஸ்டார்ட்8' ஐந்து டாலருக்கு விற்றது. காசு கொடுத்து வாங்கிய பொருளில் இல்லாமல் போன பட்டனுக்காக மறுபடியும் காசு!

பாராட்டியவர்களும் உண்டு, மறைக்கக் கூடாது. விண்டோஸ் 8 சீக்கிரம் தயாராகிவிடும். விண்டோஸ் 7 ஓடிய பழைய இயந்திரத்திலேயே நன்றாக ஓடியது. பெயரைத் தட்டினால் தேடிக் கொடுத்தது. தொடுதிரை வைத்திருந்தவர்களில் பலருக்குப் பிடித்திருந்தது. மைக்ரோசாஃப்டும் கண்ணை மூடிக்கொண்டு பட்டனை எடுக்கவில்லை. பயனர்களின் கம்ப்யூட்டர்களிலிருந்து வந்த புள்ளிவிவரத்தில், ஸ்டார்ட் மெனுவைத் திறப்பது முன்பைவிடக் குறைந்திருந்தது. அடிக்கடி தேவைப்படுவதை ஜனங்கள் டாஸ்க்பாரிலேயே ஒட்டிவைக்கப் பழகிவிட்டார்கள் என்று காரணமும் சொன்னார்கள். கணக்கு சரிதான். ஆனால் நான் கணிதம் படித்தவன், ஒன்று கேட்கிறேன். கார் டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னியை வருடத்துக்கு எத்தனை முறை எடுக்கிறோம்? எடுப்பதே இல்லை என்று எண்ணிக் காட்டிவிட்டு அதைக் கழற்றிப் போட முடியுமா? எத்தனை முறை தொட்டார்கள் என்று எண் சொல்லும். அது அங்கே இருக்கிறது என்ற தைரியத்தில்தான் மற்ற வேலையைச் செய்தார்கள் என்பதை எண் சொல்லாது. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

2013 அக்டோபரில் விண்டோஸ் 8.1 வந்தது. மூலையில் பட்டன் திரும்பி வந்தது. ஆனால் அழுத்தினால் பழைய மெனு வரவில்லை, அதே கட்டங்கள்தான் வந்தன. கேட்டைத் திருப்பி வைத்தார்கள், கேட்டுக்குப் பின்னால் பழைய பாதை இல்லை! 2014 ஏப்ரலில் இன்னொரு திருத்தம் வந்தது. கட்டங்களின் திரையில் நிறுத்தும் பட்டன் நேராகத் தெரியும்படி வைத்தார்கள். முழுத்திரையில் திறப்பவற்றுக்கும் மேலே மவுஸைக் கொண்டுபோனால் பெருக்கல் குறி வந்தது. 2015 ஜூலை 29-ல் வெளியான விண்டோஸ் 10-ல் ஸ்டார்ட் மெனுவே திரும்பிவிட்டது. இப்போது அந்த அம்மாவின் பட்டியலில் மிச்சமிருந்த மூன்று குறைகளைப் பாருங்கள். ஆரம்பம், நிறுத்தம், மூடுதல். மூன்றையும் சரிசெய்துவிட்டார்கள். நீல்சன் பன்னிரண்டு பேரை வைத்துச் சொன்னதில் முக்கியமானதை, எங்கள் தலைமை எழுத்தர் நீல மையில் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்.

இது ஒரு கம்பெனியின் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். லினக்ஸ் உலகத்தில் 2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்து டெஸ்க்டாப்பின் முகத்தையே மாற்றியது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே கோபித்துக்கொண்டு வேறு டெஸ்க்டாப்புக்குப் போனார். பழையதுதான் வேண்டும் என்றவர்கள், மூல நிரல் கையில் இருந்ததால், க்னோம் 2-ஐ எடுத்து 'மாட்டே' என்ற பெயரில் தொடர்ந்து வளர்த்தார்கள். அதே 2011-ல் உபுண்டு 'யூனிட்டி' என்று புது முகம் வைத்தது. 2017-ல் அதைக் கைவிட்டு க்னோமுக்கே திரும்பியது. 2021-ல் விண்டோஸ் 11 ஸ்டார்ட் பட்டனை நடுவுக்குக் கொண்டுவந்தது. கோப்பை இழுத்து டாஸ்க்பாரில் வைக்கும் வசதி அதில் போனது, 2022-ல் மறுபடி வந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. இன்னும் எத்தனையோ அலுவலகங்களில் யாரோ ஒருவருடைய நோட்டு செல்லாமல் போகும் நேரம் இது.

அதற்காக எதையும் மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மவுஸை வெறுத்தவன் நான், இன்று மவுஸ் இல்லாமல் எனக்கு வேலை ஓடாது. பதினொரு குறையில் எட்டு, பழக்கம் போனதால் வந்த குறை. அது ஒரு மாதத்தில் ஆறிவிடும். மூன்று குறை உண்மையான நஷ்டம். அது ஆறாது. முதல் நாள் கேட்கும்போது பதினொன்றும் ஒரே மாதிரியான முணுமுணுப்பாகத்தான் காதில் விழும். எது எட்டு, எது மூன்று என்று பிரிக்க ஒரே வழி, முணுமுணுப்பவரை வாயை மூடச் சொல்லாமல் எழுதி வைத்துக்கொள்வதும், ஒரு மாதம் கழித்துத் திரும்பிப் போய்க் கேட்பதும்தான்.

மாணவச் செல்வங்களே, உங்களில் பலர் நாளை மென்பொருள் எழுதப் போகிறீர்கள். நீங்கள் எழுதுவதைப் பாங்கில், ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில் யாரோ ஓர் அம்மா பயன்படுத்தப் போகிறார். செய்ததைக் கொடுத்துவிட்டு நகராதீர்கள். வாயைத் திறக்காமல் அவர் பின்னால் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். அவர் விரல் எங்கே போய்த் தயங்குகிறதோ, அங்கேதான் உங்கள் வேலை பாக்கி இருக்கிறது. என் வயது நண்பர்களுக்கும் ஒன்று சொல்வேன். போனிலோ கம்ப்யூட்டரிலோ ஏதாவது புரியவில்லை என்றால், "நமக்கு வயசாயிடுச்சு" என்று உங்களையே குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். ஒரு மாதம் பழகிப் பாருங்கள். அப்புறமும் இடித்தால், குறை உங்கள் தலையில் இல்லை. தயங்காமல் சொல்லுங்கள்.

அந்த அம்மா பதிவேட்டுப் பிரிவுக்குப் போகவில்லை. கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, 2015-ல் முறையாக ஓய்வு பெறும்வரை அதே மேஜையில் இருந்தார். பெண் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுக்க என் வீட்டுக்கே வந்தார். ஓய்வு பெற்ற அன்று, புது நோட்டைத் தன் இடத்துக்கு வந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு, "எல்லாம் இதுல இருக்கும்மா. மாறிச்சுன்னா அடிச்சுட்டு எழுதிக்கோ" என்றார்.

இப்போது காலையில் பார்த்த வாட்ச்மேனிடம் வருகிறேன். கல்லூரி வளர்ந்திருக்கிறது, புதுக் கட்டடம் வந்திருக்கிறது, கேட்டை மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் மாற்றியவர்கள் பழைய கேட் இருந்த இடத்தில் ஒரு நாற்காலி போட்டு ஓர் ஆளை உட்காரவைத்தார்களே, அந்த யோசனை 2013-ல் எனக்கு வரவில்லை. வந்திருந்தால் ஒரு நல்ல மனுஷி அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கண் கலங்கி வீட்டுக்குப் போயிருக்க மாட்டார்.